மெக்கானிக்கிடம் ‘எவ்வளவு ஆகும்’ என்று கேட்கும் முன்

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விதான்: “எவ்வளவு ஆகும்?”, “எப்போ கிடைக்கும்?” அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. “இதுதான் கோளாறுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

கணக்கு எழுதுவது என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர்களின் பில்களைப் புரட்டுகிறவள் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: பில்லில் கூட்டல் தப்பாக இருப்பது அபூர்வம். செலவு எதற்கு என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இருப்பதுதான் சகஜம். ஒர்க்‌ஷாப் பில்லும் அப்படித்தான். மாற்றிய பொருளின் பெயர் இருக்கும், லேபர் இருக்கும், மொத்தம் சரியாக இருக்கும். அந்தப் பொருள் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்ததா என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரியை வாங்குவது எப்படி என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் பேசும் விதம். வண்டியைக் கொடுக்கும்போது பொருளின் பெயரைச் சொல்லாதீர்கள். வண்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். “பிரேக் பேட் மாத்திடுங்க” என்றால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கேட்டதைச் செய்தார்கள், அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காலையில் முதல் சில தடவை மட்டும் கீச்சென்று கத்திவிட்டு அப்புறம் அடங்கிவிட்டால், இரவு ஈரத்தில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் மேல் பிடித்த லேசான துருவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க் சீராக இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர் இறுகியிருக்கலாம், டயரில் காற்று வித்தியாசமாக இருக்கலாம். மூன்றையும் “பிரேக் ப்ராப்ளம்” என்ற ஒரே வார்த்தையில் சொன்னால் மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் கிடைக்கும்.

சத்தம் என்றால் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். என்ஜின் ஆறியிருக்கும்போதா, சூடேறிய பிறகா? எந்த வேகத்தில்? ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது சக்கரத்துப் பக்கம் டக் டக்கென்று கேட்டால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் வெளிப்பக்க இணைப்பான சி.வி. ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி அது. நேராகப் போகும்போது ‘ஊம்’ என்று இரைந்து, வளைவில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். ஆனாலும் ‘வீல் பேரிங் போயிடுச்சு’ என்று நீங்கள் சொல்ல வேண்டாம். இரைச்சலைச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து வைத்திருந்தால் போட்டுக் காட்டுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். பத்து நிமிஷம் விளக்கிச் சொல்வதைவிட அது மேல்.

அடுத்தது, கோளாறைக் கண்டுபிடிப்பதையும் சரிசெய்வதையும் தனித்தனி வேலையாகக் கேளுங்கள். “என்னன்னு பார்த்துச் சொல்ல எவ்வளவு?” என்று கேட்டு அந்தக் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். எப்போதாவது ஒரு தடவை தலைகாட்டும் கோளாறைத் துரத்திப் பிடிக்க ஒரு நல்ல மெக்கானிக்குக்கு அரை நாள்கூட ஆகலாம். அந்த உழைப்புக்கு யாரும் காசு கொடுக்காவிட்டால், அவர் பொருளை மாற்றித்தான் பிழைக்க வேண்டியிருக்கும். இலவச செக்-அப் முடிவில் மாற்ற வேண்டிய பொருள்களின் பட்டியல் நீள்வதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். லேபரில் பேரம் பேசாதீர்கள். ஆதாரத்தைக் கேளுங்கள்.

ஆதாரம் என்றால் எண். “பேட் தேஞ்சுபோச்சு” என்பது அபிப்பிராயம். “மூணு மில்லிமீட்டர் இருக்கு” என்பது அளவு. புதிய பிரேக் பேட் பொதுவாக 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கும், 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. 6 மி.மீ. இருக்கும் பேடை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். டிஸ்க்கிலோ கம்பெனியின் சர்வீஸ் தகவலிலோ அதன் குறைந்தபட்ச கனம் இருக்கும். அளந்து காட்டச் சொல்லலாம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். தேய்மானம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் ஆழம் 1.6 மி.மீ. என்று அர்த்தம், கார்களுக்குப் பல நாடுகளில் சட்டம் வைத்திருக்கும் எல்லை அதுதான். மழையில் ரோட்டைப் பிடிக்கும் திறன் அதற்கு முன்பே குறைந்துவிடும், அதனால் எல்லை வரை இழுக்க வேண்டாம். டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் அது எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். புது டயர் வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

பேட்டரிக்கும் எண் உண்டு. சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 14-ஐ ஒட்டி ஏறும். ஏறவே இல்லை என்றால் பேட்டரியை மாற்றி என்ன பயன்? சார்ஜ் செய்யும் பக்கத்தில்தான் கோளாறு. பிரேக் ஆயில் விஷயத்தில் மட்டும் “பார்க்க நல்லாத்தானே இருக்கு” என்று வாதாடாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவி உண்டானால் பெடல் தரை வரை போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று பெரிய தொகைகள் இங்கேதான் போகின்றன. என் வண்டியில் செக் என்ஜின் லைட் எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி 0420 என்ற குறியீடு (கோடு) வந்தது. “கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சும்மா, மாத்தணும்.” புகையைச் சுத்தம் செய்யும் பாகம் அது, வண்டியில் விலை கூடிய பொருள்களில் ஒன்று. “எப்படித் தெரிஞ்சுதுண்ணே?” என்றேன். “அதான் மெஷின் சொல்லுதே.” கண்டுபிடித்த கூலியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு மெக்கானிக் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆறிப்போயிருந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து குனிந்து கேட்டார். புகைக்குழாய் இணையும் இடத்தில் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். ஒரே இடத்தில் குமிழி விட்டது. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் வழியாகப் புகை வெளியேறி, இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே போய், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. கேஸ்கெட்டை மாற்றினார். அந்தக் கோடு திரும்ப வரவில்லை.

பி 0420 சொல்வது இவ்வளவுதான்: கன்வெர்ட்டரின் திறன் எல்லைக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் சொல்லும், எதனால் என்று சொல்லாது. கன்வெர்ட்டரே செத்திருக்கலாம், சென்சார் பழுதாகியிருக்கலாம், குழாயில் கசிவு இருக்கலாம். பி 0455 என்றால் பெட்ரோல் ஆவி பெரிய அளவில் கசிகிறது. டேங்க் மூடியைச் சரியாகத் திருகாததாகக்கூட அது இருக்கும். அதனால் கோடு எண்ணை எழுதி வாங்குங்கள். “இந்தக் கோடு வந்ததும் வேற என்னென்ன சோதிச்சுப் பார்த்தீங்க?” என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியைத் தைரியமாக விடலாம்.

இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தால், முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆளிடம் சொல்லாதீர்கள். அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். முன்னவர் சொன்னது காதில் விழுந்துவிட்டால் அதை ஒட்டியோ வெட்டியோதான் அடுத்தவரும் பேசுவார்.

காகித வேலை

வேலை தொடங்குவதற்கு முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பொருள் தனி, லேபர் தனி. வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் ஓடிய கிலோமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். “கேட்காமல் கூடுதல் வேலை எதுவும் செய்யக் கூடாது” என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய பொருள் வேண்டும் என்பதை வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது குப்பையில் இருக்கும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் மாதிரி சிலவற்றில் பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்த விலை என்று இருக்கும். அப்போது கையில் கொடுக்கச் சொல்ல முடியாது, பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். புதுப் பொருள் வந்த பெட்டியையும் கேளுங்கள். அதிலுள்ள பார்ட் நம்பர் பில்லில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும்.

பில்லில் நான் முதலில் பார்ப்பது லேபர் இரண்டு தடவை விழுந்திருக்கிறதா என்பதைத்தான். பல என்ஜின்களில் டைமிங் பெல்ட்டைக் கழற்றினாலே வாட்டர் பம்ப் கைக்கு எட்டிவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றும்போது பம்ப்புக்கு முழு லேபர் தனியாகப் போடக் கூடாது. “ஏற்கெனவே கழட்டினதுதானே, இதுக்கு எவ்வளவு மணி நேரம் கூடுதல்?” என்று கேட்டால் பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள். அதற்கு அடுத்து ‘ஃபிளஷ்’, ‘கிளீனிங்’, ‘இதர செலவு’ என்ற வரிகள். வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு என்ன வேலை என்ற அட்டவணை இருக்கும். அதில் இல்லாத வேலைக்குக் காரணம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தகுதிச் சோதனைக்குப் போகும்போது

எஃப்.சி. என்று சொன்னாலும் வேறு பெயர் சொன்னாலும், கட்டாயச் சோதனை வேண்டும் என்றே நினைக்கிறேன். பிரேக் பிடிக்காத வண்டி ஓட்டுகிறவரோடு நிற்பதில்லை, எதிரில் வருகிறவரையும் கொல்லும். பிரிட்டனில் எம்.ஓ.டி. சோதனை 1960இல் வந்தது. இப்போது அங்கே கார் மூன்று வயதானதும் முதல் சோதனை, அப்புறம் வருஷா வருஷம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புதுக் காருக்கு மூன்று வருஷத்தில் முதல் சோதனை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எரிச்சல் எங்கே வருகிறது என்றால், சோதிக்கிறவரும் ரிப்பேர் செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான். பிரிட்டனின் பெரும்பகுதியில் தனியார் ஒர்க்‌ஷாப்புகளே இரண்டையும் செய்கின்றன. வட அயர்லாந்தில் அரசாங்க மையங்கள் சோதிப்பதோடு சரி, ரிப்பேர் செய்வதில்லை. உங்கள் ஊரில் சோதனை மட்டும் செய்யும் இடம் இருந்தால் அங்கே போங்கள்.

கெடு முடியும் நாளில் போகாதீர்கள். சில வாரங்கள் கையில் இருந்தால் வண்டி சோதனையில் தவறினாலும் உங்களுக்குப் பிடித்த இடத்தில் சரிசெய்துகொண்டு வரலாம். கடைசி நாளென்றால் அங்கேயே, சொன்ன விலைக்கு.

போவதற்கு முன் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான். ஆனால் இந்தச் சில்லறையில்தான் பல வண்டிகள் மாட்டுகின்றன. நம்பர் பிளேட் லைட், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், கண்ணாடி கழுவும் தண்ணீர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ்., ஏர்பேக், செக் என்ஜின் லைட்டுகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதையும் சோதிப்பவர் கவனிப்பார், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம் என்று.

புகைச் சோதனைக்கு வண்டியைச் சூடாகக் கொண்டுபோங்கள். கன்வெர்ட்டர் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம் ஏறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இருபது நிமிஷமாவது நன்றாக ஓட்டிவிட்டு நேரே வரிசைக்குப் போவது நல்லது. இதைவிட முக்கியமான ஒன்று: முந்தின இரவு ஸ்கேனர் வைத்துக் கோடுகளை அழித்துவிட்டுப் போகாதீர்கள், யார் சொன்னாலும். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஓ.பி.டி. அமைப்பு (வண்டிக்குள்ளேயே இருந்து கோளாறைக் கண்காணிப்பது) தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்ற குறிப்பை வைத்திருக்கும். கோடுகளை அழித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் அந்தக் குறிப்பு பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அதைப் படித்துச் சோதிக்கும் இடங்களில் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாள் ஓட்டினால்தான் அது மறுபடி நிறையும்.

தவறிவிட்டது என்றால் காரணத்தாளை முதலில் கையில் வாங்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் “இது கட்டாயமா, ஆலோசனையா?” என்று கேளுங்கள். பிரிட்டனில் 2018 முதல் குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரித்து, ஆலோசனையைத் தனியாக எழுதுகிறார்கள். சிறியதற்கும் ஆலோசனைக்கும் வண்டி தவறுவதில்லை. வாயால் சொல்லும்போது மட்டும் எல்லாம் ஒரே குரலில் வரும். மறு சோதனைக்கு எத்தனை நாள் அவகாசம், கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள்களை வருஷ வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். “போன தடவை பார்த்தப்போ முன் பேட் ஏழு மில்லிமீட்டர் இருந்துச்சு, எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் அளந்துவிட்டுத்தான் பேசுவார்.

சரிசெய்த கோளாறே திரும்ப வந்தால், செய்த இடத்துக்கே முதலில் போங்கள். வேறு யாராவது கை வைத்துவிட்டால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். தேதி, கிலோமீட்டர், அறிகுறி மூன்றையும் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் மறுபடி திறப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் முடியும்வரை பழைய பொருளையும் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம்.