தேயிலைத்தூளை இணையத்தில் விற்பது: மலையகத்துச் சிறு வியாபாரிக்கு

இணையக் கடை போட நினைப்பவர்கள் முதலில் தேடுவது வெப்சைட் செய்து தர ஓர் ஆளைத்தான். அது பிறகு நடக்கட்டும். தராசையும் கல்குலேட்டரையும் முதலில் எடுங்கள்.

கூரியர்காரர்கள் முதல் கிலோவுக்கு ஒரு தொகையும் மேலதிகமான ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு தொகையும் அறவிடுவார்கள். அரைக் கிலோ பக்கெட் இரண்டை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டினால் எடை ஒரு கிலோவைத் தாண்டிவிடும், இரண்டு கிலோக் கட்டணம் விழும். 400 கிராம் பக்கெட்டாகப் போட்டால் இரண்டும் பெட்டியும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். பெட்டியின் அளவும் முக்கியம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்துக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு. 30×20×15 பெட்டியில் பாதி வெறுமையாக இருந்தாலும் அவர்கள் கணக்கில் அது 1.8 கிலோ.

ஒரு பார்சலின் விலையை இப்படிப் போட்டுப் பாருங்கள் (தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்). தூள் 900 ரூபா, பை, லேபல், பெட்டி 110, கூரியர் 400. மொத்தம் 1,410. விற்பனை விலை 1,800 என்றால் லாபம் 390. காசைப் பொருள் கைக்கு வந்தபின் வாங்கும் முறையில் 20 பார்சல் அனுப்பி 3 திரும்பி வந்தால், ஒவ்வொன்றிலும் கூரியர் 400, கசங்கிய பெட்டி 40 என 1,320 ரூபா போய்விடும். 17 பார்சலில் கிடைத்த 6,630இல் மிஞ்சுவது 5,310. திரும்பி வருவதற்கும் கூரியர் காசு கேட்டால் இன்னும் குறையும். ஆகவே அனுப்பும் முன் கோல் எடுத்து உறுதிப்படுத்துங்கள். புதியவர்களிடம் கூரியர் செலவை மட்டுமாவது முன்பணமாக வாங்குங்கள்.

தோட்டங்களுக்கு அனுப்பும்போது முகவரிதான் பெரிய தலைவலி. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் பார்சல் தோட்ட ஆபீஸ்வரைதான் போகும். ஓர்டர் படிவத்திலேயே தோட்டம், டிவிசன், லயம், பக்கத்து டவுன், இரண்டு போன் நம்பர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். லயத்தில் சிக்னல் இல்லாவிட்டால் இரண்டாவது நம்பர்தான் கைகொடுக்கும்.

வங்கிக்குக் காசு போட்டதாக வாட்ஸ்அப்பில் வரும் சிலிப்பை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். படத்தைத் திருத்துவது சுலபம். உங்கள் கணக்கில் தொகை வரவாகியிருப்பதைக் கண்ட பிறகே பெட்டியைக் கட்டுங்கள்.

ஆரம்பத்துக்கு வாட்ஸ்அப் பிஸ்னஸில் பொருள்களைப் படமும் விலையுமாகக் காட்டும் கெட்டலொக்கே போதும். அது இலவசம். ஓர்டர்களைக் கொப்பியில் எழுதிச் சமாளிக்க முடியாத நிலை வந்த பிறகு வெப்சைட் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸில், கடை நடத்த உதவும் வூகொமர்ஸ் என்ற இணைப்பைப் போடலாம். கார்ட் கொடுப்பனவுக்குப் பேஹியர் போன்ற சேவையை இணைக்கும்போது பலர் தவறுவது ஓரிடத்தில். காசு கட்டியவர் திரும்பிவரும் 'நன்றி' பக்கம் திறந்ததுமே ஓர்டரைக் 'கட்டியாயிற்று' என்று பதிந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை யாரும் நேரடியாகத் திறக்கலாம். கொடுப்பனவுச் சேவையின் சேர்வர் உங்கள் சேர்வருக்குத் தனியே அனுப்பும் அறிவிப்பை மட்டும் நம்புங்கள், அதிலுள்ள கையொப்பத்தையும் (அறிவிப்பு உண்மையானதா என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள். பேஹியரில் 2 என்ற நிலைக்குறியீடு வந்தால்தான் வெற்றி. அறிவிப்பு வரும் முகவரி இணையத்தில் திறந்திருக்க வேண்டும். சொந்த லப்டொப்பில் மட்டும் ஓடும் தளத்துக்கு அது வந்து சேராது. கையொப்பத்தைக் கணிக்கக் கொடுப்பனவுச் சேவை தரும் இரகசியக் குறியீட்டை, யாரும் பார்க்கக்கூடிய பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது கடைச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவது மாதிரி. கையொப்பத்தைக் கணிக்கும்போது தொகை 1800.00 என்றிருக்க வேண்டும், 1,800 என்று காற்புள்ளி போட்டால் பொருந்தாது.

தூள் ஈரத்தையும் வாசத்தையும் இழுக்கும். மூடுபனி இறங்கும் நேரத்தில் மூடையைத் திறந்து வைத்துப் பொதி செய்யாதீர்கள். உட்புறம் அலுமினியத்தாள் உள்ள பையில் போட்டு வாயைச் சூட்டால் ஒட்டுங்கள். ஏலக்காய், கராம்பு விற்பவர்கள் அவற்றை வேறு அறையில் வைக்கவேண்டும். லேபலில் பொருளின் பெயர், நிகர எடை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உங்கள் பெயர், முகவரி இருக்கட்டும். சிலோன் தேயிலைக்கான சிங்கச் சின்னத்தை இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதியில்லாமல் போடக்கூடாது.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க அந்தச் சான்றிதழ் வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை மழை பலக்கும் நாட்களில் ஹட்டன் பக்கம் மண் சரிந்தால் பாதை மூடப்படும். அந்த மாதங்களில் டெலிவரி நாட்களை இரண்டு கூட்டிப் போடுங்கள், பாதை மூடிய அன்றே வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புங்கள்.