போஸ்ட்டைப் பார்த்தீர்களா, போனை எடுங்கள்

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வரும் நிருபர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "ஃபாலோயர்களை எப்படிக் கூட்டுவது?" என்றுதான். அது பிறகு. யாரை நீங்கள் ஃபாலோ செய்கிறீர்கள் என்பதை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்.

எக்ஸ் தளத்தில் கிரிக்கெட், செஸ், கபடி, தடகளம் என்று தனித்தனி லிஸ்ட் போட்டு, அவற்றை பிரைவேட்டாக வையுங்கள். முகப்பில் ஓடுகிற டைம்லைனை நம்பினால் சண்டையும் மீமும்தான் கண்ணில் படும். பெரிய வீரர்கள் சிலருக்கு மட்டும் நோட்டிபிகேஷனைப் போட்டுவிடுங்கள். 2020 ஆகஸ்ட் 15 மாலை தோனி சர்வதேச கிரிக்கெட்டுக்கு விடைகொடுத்தது இன்ஸ்டாகிராமில். 2025 மே மாதம் ரோஹித் சர்மாவும் விராட் கோலியும் சில நாள் இடைவெளியில் டெஸ்ட் ஓய்வை அறிவித்ததும் அங்கேதான். ரோஹித் போட்டது ஸ்டோரி; 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் பார்த்த உடனே நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஆனால் நட்சத்திரங்களின் கணக்கை ஊரே பார்க்கிறது. உங்களுக்கென்று செய்தி கிடைக்கும் இடம் வேறு. மாவட்ட சங்கங்களின் பேஸ்புக் பக்கம், பயிற்சியாளர்களின் வாட்ஸ்அப் குரூப், உள்ளூர் கபடிப் போட்டியின் யூடியூப் லைவ் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றார். கேரமுக்கோ சிலம்பத்துக்கோ பத்திரிகைக் குறிப்பு அனுப்ப யாரும் ஆள் வைத்திருப்பதில்லை. ஒரு பரிசளிப்புப் படம், கீழே எழுத்துப்பிழையோடு நாலு பெயர், அவ்வளவுதான் இருக்கும். அந்தப் படத்தில் ஓரமாக நிற்கும் பிள்ளை எந்த ஊர், யார் பயிற்சி கொடுத்தார் என்று கேட்டுப் போன் போடுங்கள். நல்ல கட்டுரைகள் இந்த வழியாகத்தான் வருகின்றன என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து, சரிபார்ப்பது. இதில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. ஜிம்பாப்வே முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டதாக 2023 ஆகஸ்ட் 23 அன்று செய்தி பரவியது. பகிர்ந்தவர்களில் ஒருவர் ஹென்றி ஒலோங்கா, ஸ்ட்ரீக்கோடு ஒரே அணியில் ஆடியவர். அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று நினைத்துப் பல ஊடகங்கள் அஞ்சலிச் செய்தியே வெளியிட்டுவிட்டன. சில மணி நேரத்தில் ஒலோங்காவே, ஸ்ட்ரீக் உயிரோடுதான் இருக்கிறார் என்று வாட்ஸ்அப் உரையாடலின் படத்தோடு திருத்தம் போட்டார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த மனிதர் தன் மரணச் செய்தியைத் தானே படிக்க நேர்ந்தது. அவர் இறந்தது செப்டம்பர் 3-ஆம் தேதி. ஆகவே சாவு, காயம், கைது ஆகிய மூன்றுக்கும் குடும்பமோ வாரியமோ மருத்துவமனையோ வாய்திறந்து சொல்லாமல் ஒரு வரிகூடப் போடாதீர்கள். சக வீரர் சொன்னாலும் அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று கேளுங்கள்.

நீல டிக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். இப்போது பணம் கட்டினாலே கிடைக்கிறது. கணக்குப் பெயரின் எழுத்துகள், தொடங்கிய மாதம், பழைய பதிவுகள் மூன்றையும் பாருங்கள். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பழையதா என்று தேடுங்கள்.

நேரலையில் எழுதும்போது ஸ்கோரை மட்டும் போடுவதில் பயனில்லை. அது வாசகர் கையிலேயே இருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக செஸ் போட்டியின் 14-வது ஆட்டம். 55-வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தவறுதலாக யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. குகேஷ் பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து அதையும் மாற்றிக்கொள்ள வைத்தார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். இதை நாலு வரியில் சொல்லுங்கள். "குகேஷ் சாம்பியன்!" என்று எல்லோரும் போடுவார்கள், எப்படி என்று சொல்பவரைத்தான் வாசகர் தேடி வருவார். மைதானத்துக்குள் இருந்து ஆட்டத்தின் வீடியோவை மட்டும் ஏற்றாதீர்கள். அந்த உரிமை ஒளிபரப்பாளருடையது. அங்கீகார அட்டையைப் பறிகொடுக்க நேரிடும்.

வீரருக்கு மெசேஜ் அனுப்பும்போது பெயர், பத்திரிகை, என்ன கேட்கப்போகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம், அதோடு விடுங்கள். 2022-இல் பேட்டி கொடுக்காததற்காக ஒரு பத்திரிகையாளர் மிரட்டும் தொனியில் அனுப்பிய மெசேஜ்களை கிரிக்கெட் வீரர் விருத்திமான் சாஹா வெளியிட்டார். இந்திய கிரிக்கெட் வாரியம் அந்தப் பத்திரிகையாளருக்கு இரண்டு ஆண்டு தடை போட்டது.

தவறாகப் போட்டுவிட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். அதன் கீழேயே திருத்தம் போடுங்கள்.

நாலு கமென்ட்டை எடுத்து "ரசிகர்கள் கொதிப்பு" என்று செய்தி பண்ணும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அந்த நாலு பேர் யார், ஆட்டம் பார்த்தார்களா என்றே தெரியாது. ரசிகர் கருத்து வேண்டுமென்றால் சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்ததும் வாலாஜா சாலைப் பக்கம் போய் நின்று, பெயரும் ஊரும் கேட்டு எழுதுங்கள்.