பெரணியின் பாலை வித்து முடிவு செய்வதில்லை

பெரணியின் (ஃபெர்ன்) வித்து, அதாவது ஸ்போர், முளைத்ததும் நேரே இலை விடாது. முதலில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பச்சைத் தகடு வரும். அதுதான் புரோதாலஸ், விந்தணுவும் முட்டையும் உருவாவது அதில்தான். தகடு விந்தணு மட்டும் தரும் ஆணாகுமா, இரண்டும் தரும் இருபாலாகுமா என்பது வித்திலேயே தீர்மானமாகிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் செராட்டோப்டெரிஸ் நீர்ப்பெரணியைப் பாருங்கள். வித்தெல்லாம் ஒரே மாதிரிதான். முந்தி முளைத்தது இருபாலாகி, ஆந்தெரிடியோஜென் என்ற ரசாயனத்தைச் சுற்றிலும் கசியவிடும். பிந்தி முளைப்பவை அதை உணர்ந்து ஆணாகிவிடும். இந்த வகைச் சமிக்ஞையை ஜெர்மன் தாவரவியலாளர் வால்டர் டெப் 1950இல் பிராக்கன் பெரணியில் கண்டறிந்தார்.

இதைத் தெரியாமல் வித்தை அள்ளித் தூவுகிறோம். அப்புறம் தட்டு நிறைய ஆணாக இருக்கிறதே, வித்து கெட்டுவிட்டதோ என்று கவலைப்படுகிறோம். வித்தில் கோளாறில்லை, நெருக்கம்தான் காரணம். உருப்பெருக்கியில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: இருபால் தகட்டின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்து இதயம்போல இருக்கும், ஆண் தகடு பள்ளமில்லாமல் நாக்குபோல நீண்டு, மேலெல்லாம் விந்தணுப் பைகள் புடைத்திருக்கும்.

இன்னொரு தவறு, ஆண் தகடு வேண்டுமென்று ரசாயனத்தைத் தாமதமாகச் சேர்ப்பது. முளைத்த முதல் சில நாட்களில்தான் அது வேலை செய்யும். பள்ளம் விழுந்த தகடு அதற்குச் செவிசாய்க்காது. ஆனால் ஆணானதை ரசாயனம் இல்லாத புது வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றினால் அதிலிருந்து இருபால் தகடு வளரக்கூடும்.

ஒரு பெரணியின் சமிக்ஞை எல்லாப் பெரணிக்கும் பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம். ஜப்பானிய லைகோடியம் கொடிப்பெரணியில் அது ஜிப்ரெலின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோன் வகை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: முதிர்ந்த தகடு ஹார்மோனை முழுதாகச் செய்வதில்லை, பாதியில் நிறுத்தி வெளியே விடுகிறது. அதை உள்வாங்கும் இளம் தகடுதான் மீதி வேலையை முடித்து, விந்தணுப் பை விடுகிறது. 2014இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

சரி, பால் முடிவாகிவிட்டால் கருவுறுதல் தானாக நடந்துவிடாது. விந்தணு நீந்தித்தான் போக வேண்டும். மேல்தண்ணீர் இல்லாமல் வெறும் ஈரப்பதத்தை நம்பிக் காத்திருப்பது வீண். முட்டைப் பக்கம் விந்தணுவை ஈர்ப்பது ஆந்தெரிடியோஜென் என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு வேலை. பெரணி விந்தணு மாலிக் அமிலத்தை நாடிப் போகும் என்பதை 1884இலேயே ஜெர்மன் தாவரவியலாளர் பெஃபர் காட்டிவிட்டார். முதிர்ந்த தகடுகள்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: சுருள் சுருளான விந்தணுக்கள் முட்டை இருக்கும் குடுவையின் வாயில் மொய்க்கும்.