மாமா லாஃபுல், மேனேஜர் ஈவிலா? பட்டம் சூட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கூடி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக மாறி ஆடும் விளையாட்டில் அந்தக் கதாபாத்திரங்களுக்குக் கொடுக்கும் லாஃபுல் குட் (ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட நல்லவர்), ட்ரூ நியூட்ரல் (எந்தப் பக்கமும் சாயாதவர்), கேயாட்டிக் ஈவில் (கட்டுப்பாடில்லாத கெட்டவர்) போன்ற பட்டங்களை நம் பசங்க இப்போது மாமாவுக்கும் மேனேஜருக்கும் சூட்டுகிறார்கள். சிரித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. அதை வைத்து ஆளை எடைபோடத் தொடங்கினால்தான் கோளாறு.

ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்றோடு நல்லது, நடுநிலை, கெட்டது என்ற மூன்றைச் சேர்த்தால் ஒன்பது கட்டங்கள். முதல் தவறு, அந்த ஒன்பது கட்டங்களை மனித குணத்தின் இலக்கணம் என்று நம்புவது. 1974இல் விளையாட்டு வந்தபோது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே பக்கங்கள். நல்லது கெட்டது பிறகு சேர்ந்தது. 1978 விதிப்புத்தகத்தில் ஒன்பது இருந்தன. 2008இல் வந்த நான்காம் பதிப்பு ஐந்தாகக் குறைத்தது. எல்லாம் ஆட்டத்தின் தேவைக்காக. அந்த உலகத்தில் தீமையை மந்திரம் போட்டே கண்டுபிடிக்கலாம். பழைய விதிப்படி பாலடின் என்ற புனித வீரன் தெரிந்தே கெட்டது செய்தால் அவன் சக்தி போய்விடும். நமக்கு அந்த வசதி கிடையாது; ஒருவர் செய்ததைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

அடுத்தது, லாஃபுல் என்றால் அரசாங்கச் சட்டத்துக்கு அடங்கியவர் என்று மட்டும் எடுத்துக்கொள்வது. பத்திரமே இல்லாமல் வாங்கிய கடனை நாள் தவறாமல் கட்டுகிற அதே மனிதர் பில் போடாமல் வியாபாரம் செய்வார். எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்?

ஆனால் இவற்றைவிடப் பெரிய தவறு, அடிபடுகிறவரை மறந்துவிடுவது. பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டப் பாசனத்தில் நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தலைமடைப் பக்கத்து விவசாயி ஒருவர், முறையில்லாத நாளில் ராத்திரி வாய்க்காலில் குழாய் போட்டு மோட்டாரில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னை காய்வதைப் பொறுக்காமல்தான் செய்கிறார். தோட்டத்தில் வேலை செய்கிறவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் பணம் தருகிறவரும் அவரே. "விதியை மீறுனாலும் நல்ல மனசுங்க, கேயாட்டிக் குட்" என்று சொல்லிவிடலாம். வெள்ளகோவில் பக்கம் கடைமடையில் தண்ணீர் வராமல் நிற்கிறவர் அப்படிச் சொல்வாரா? பட்டம் கொடுத்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. எவ்வளவு எடுத்தார், யார் பயிர் காய்ந்தது, கடைமடைக்காரர் வந்து முறையிட்டபோது நிறுத்தினாரா என்பதெல்லாம் கேட்கப்படாமலே போகிறது. என் பார்வையில் அந்தக் கேள்விகளுக்குத்தான் மதிப்பு.

வாய் திறக்காதவரை நியூட்ரல் என்பதும் அவசரம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பக்கத்து டைலருக்கு ஒன்றரை ஷிப்ட் வேலைக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் போடுவதைப் பார்த்தும் ஒருவர் பேசாமல் இருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் வேறு, நமக்கென்ன என்ற எண்ணம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

குழந்தைகளுக்கு மட்டும் விளையாட்டுக்குக்கூட ஈவில் பட்டம் வேண்டாம். பத்து வயதுப் பையன் தம்பியை அடித்தால், ஏன் அடித்தான் என்று கேளுங்கள், அடித்தது தப்பு என்று சொல்லுங்கள். அவனே கெட்டவன் என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை நல்லபடி நடக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கும்?