பாலிசி இருக்கிறது, கையில் இல்லை: கார் இன்சூரன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் என் மச்சான் அவசர வேலையாக என் காரை எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போனார். தவளக்குப்பம் அருகே முன்னால் போன பைக் சட்டென்று நிற்க, இவர் இடித்துவிட்டார். பைக்கில் வந்தவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. போலீஸ்காரர் வந்து இன்சூரன்ஸ் கேட்டார். பாலிசி என் மெயிலில் இருந்தது. நானோ போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுப் பாடலீஸ்வரர் கோயிலுக்குள் இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் பதினொரு மிஸ்டு கால்.

கட்டிய இன்சூரன்ஸ்தான், காலாவதியும் ஆகவில்லை. ஆனால் யாருக்குத் தேவைப்பட்டதோ அவர் கையில் இல்லை. நம் வீடுகளில் ஒரு காரைத் தம்பி ஓட்டுவார், மருமகன் ஓட்டுவார், வெளியூர்க் கல்யாணம் என்றால் தெரிந்த டிரைவரும் ஓட்டுவார். பேப்பர் மட்டும் ஓனர் போனிலேயே கிடக்கும். நான் பார்த்தவரை இதுதான் பெரிய தவறு. காரை யார் ஓட்டினாலும் பாலிசியின் பிடிஎஃப் அவர் போனில் இருக்க வேண்டும், ஒரு பிரிண்ட் காரில் இருக்க வேண்டும்.

விபத்தில் யாருக்காவது அடிபட்டால், பாலிசி எண், அது செல்லுபடியாகும் காலம், விபத்து நடந்த நாள், நேரம், இடம், டிரைவரின் லைசென்ஸ் விவரம் எல்லாவற்றையும் டிரைவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அடிபட்டவரைப் பார்ப்பதா, மெயிலில் தேடுவதா? அந்த நேரத்தில் கை நடுங்கும், பாஸ்வேர்டு நினைவுக்கு வராது.

அடுத்து, வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் போட்டோவை நம்புவது. அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டும் ஆவணங்களை ஒரிஜினலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. கேலரியில் இருக்கும் மங்கலான படத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. இதில் நம்மூர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆதாரில் இனிஷியல் விரிவாக இருக்கும், ஆர்.சி.யில் ஒற்றை எழுத்தாக இருக்கும். பெயர் ஒத்துப்போகாமல் டிஜிலாக்கரில் ஆவணம் வராமல் அடம்பிடிக்கும். இதை வீட்டில் உட்கார்ந்து சரிபாருங்கள். கடலூர் ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி எல்லை தொடங்கிவிடுகிறது. அங்கே நிறுத்தினால் போனில் சிக்னல் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பிடிஎஃப்பை டவுன்லோடு செய்தே வைத்திருங்கள்.

சரி, டேஷ்போர்டில் எல்லா ஒரிஜினலும் பத்திரமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் கார்கள் மூழ்கி நின்றன. அப்படி மூழ்கிய ஒரு காரின் டேஷ்போர்டை நான் திறந்து பார்த்தேன். ஆர்.சி., பாலிசி, சர்வீஸ் பில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய அப்பளம்போல் கையோடு வந்தன. க்ளெய்ம் கேட்க வேண்டிய நேரத்தில் அதற்கான காகிதமே இல்லை. கார் திருடு போனாலும் இதே கதிதான். ஒரிஜினல் ஆர்.சி. வீட்டில் இருக்கட்டும், காரில் பாலிசி பிரிண்டும் ஆர்.சி. ஜெராக்ஸும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போதும். ஆர்.சி.யை டிஜிலாக்கரில் காட்டிக்கொள்ளலாம்.

தேதியிலும் பலர் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது நம் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி, மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டியிருப்பீர்கள். ஆனால் நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். ஒரே பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள். பெரிய தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் க்ளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். புதுப்பித்த அன்றே பழைய பிரிண்டைக் கிழித்துப் போடுங்கள். கவரில் இரண்டும் இருந்தால், அவசரத்தில் பழையதுதான் முதலில் கையில் வரும்.

பொல்யூஷன் சர்டிபிகேட்டையும் அதே கவரில் வையுங்கள்.

இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. இருந்தும் காட்ட முடியாமல் போனால் அது வேறு விஷயம். ஏழு நாளுக்குள், நீங்கள் குறிப்பிடும் காவல் நிலையத்தில் சான்றிதழைக் காட்டச் சட்டம் அவகாசம் தருகிறது. பதற்றப்படாமல் அதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். எதற்கும் முதலில் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கவரை எடுங்கள். வண்டி உருளும்போதே குனிந்து தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

என் கவரில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கிறது. பாலிசி எண், கம்பெனியின் க்ளெய்ம் நம்பர், என் நம்பர், என் மனைவியின் நம்பர் என நான்கு வரிகள். போன வாரம் மச்சான் மறுபடி காரைக் கேட்டபோது, அவர் போனில் பாலிசி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.