ஒட்டிப்போன லீஃப் ஷட்டரை ஓடவச்சது – என் அனுபவம்

1970கள்ல வந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (தூரத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ற ஃபிலிம் கேமரா), லீவர் நல்லா சுத்துது, பட்டன் அமுக்குனா டிக்னு சத்தமும் வருது, ஆனா லென்ஸுக்குள்ள இருந்து திறந்து மூடி வெளிச்சத்தை உள்ள விடற ஷட்டர் பிளேடு (இதுதான் லீஃப் ஷட்டர்) மட்டும் திறக்கவே மாட்டேங்குது. பிளேடு ரொம்ப மெல்லிசு, ஸ்பிரிங்கும் சின்னது, பழைய கிரீஸ்ல இருந்து கசியற எண்ணெய் லேசா படிஞ்சாலே ஒட்டிக்கும்.

லென்ஸ் ஸ்பேனர் (லென்ஸைப் பிடிச்சிருக்கற வளையத்தைத் திருகற கருவி) வச்சு முன்கண்ணாடியைக் கழட்டி, காட்டன் பட்ல லைட்டர் ஃப்ளூயிட் (சிகரெட் லைட்டர்ல ஊத்தற திரவம்) கொஞ்சமா தொட்டு பிளேடு மேல தடவி, லீவரைச் சுத்தி பட்டனை அமுக்கி ஷட்டரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மறுபடி துடைச்சு, பட்ல கறை வர்றது நிக்கற வரைக்கும் இதே வேலைதான். ஈரமா இருக்கும்போது நல்லா ஓடும், காஞ்சதும் திரும்ப ஒட்டும், அங்கதான் பொறுமை வேணும். பக்கத்துல நெருப்பு கூடவே கூடாது. தயவுசெஞ்சு பிளேடுக்கு எண்ணெய் விடாதீங்க, அது காஞ்சேதான் ஓடணும்.

இப்போ 1/500 செகண்ட் வேகத்துல ஷட்டர் சூப்பரா அடிக்குது, 1 செகண்ட் வேகம் மட்டும் இன்னும் இழுக்குது, அதுக்கு உள்ள இருக்கற கியரைத் துடைக்கணும்.