இந்திய மொபைல் கேம் சந்தை: எண்களைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கப் போனால், ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்து கேம் செய்யும் தம்பிகள் யாராவது கண்ணில் படுவார்கள். போன வாரம் ஒருவர் கேட்டார்: “அண்ணா, பத்து லட்சம் டவுன்லோட் வந்தா பொழச்சுக்கலாம்ல?”

அங்கேதான் முதல் தவறு. டவுன்லோட் எண்ணிக்கையில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் கேமுக்குள் பணம் கொடுத்து வாங்குவது அமெரிக்கா, ஜப்பானோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பெரும்பாலான கேம்கள் விளம்பரத்தை நம்பித்தான் ஓடுகின்றன, அந்த விளம்பரத்துக்கும் இங்கே கிடைக்கும் விலை குறைவு. போனில் இடம் போதாவிட்டால் முதலில் அழிக்கப்படுவதும் கேம்தான். அதனால் இறக்கியவர்களில் மறுநாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ‘இந்திய கேம் சந்தை இத்தனை ஆயிரம் கோடி’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அதில் எதையெல்லாம் சேர்த்தார்கள் என்று கேட்காமலே முதலீட்டாளரிடம் எடுத்துப் போகிறார்கள். பல வருடங்களாக அந்தத் தொகையில் பெரும்பங்கு ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் போன்ற பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுடையது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரிக்காமல் அவற்றைத் தடை செய்தது. எனவே 2024-இன் மொத்தத்தைப் புதிய மொத்தத்தோடு நேராக ஒப்பிட்டால் வரும் முடிவு தப்பாகத்தான் இருக்கும். உங்கள் புதிர் கேமுக்கு அந்தப் பணம் என்றைக்குமே வரப்போவதில்லை. பழைய அறிக்கைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: அவர்கள் கணக்கில் எடுத்தது ஆடுபவர் கட்டிய முழுத் தொகையா, கம்பெனி எடுத்துக்கொண்ட கட்டணம் மட்டுமா? 2023 அக்டோபர் 1 முதல் கட்டிய முழுத் தொகைக்கும் 28% ஜிஎஸ்டி என்று ஆனபோது நடந்த சண்டையே இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

மூன்றாவது தவறை நானே செய்திருக்கிறேன். பப்ஜி மொபைல் என்ற சண்டை கேம் 2020 செப்டம்பரில் தடையானது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு சண்டை கேமும் தடை. அந்த இடைவெளியில் வரைபடம் சரிந்ததைப் பார்த்து, சண்டை கேம்களில் மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி எங்கள் குழு ஒரு நல்ல கேமைக் கைவிட்டது. கடையை மூடிவிட்டால் வாங்க ஆளில்லை என்று ஆகிவிடுமா? பிஜிஎம்ஐ ஸ்டோரில் இல்லாதபோதும், ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்புறம்தான் வரைபடத்தில் தடை வந்த தேதிகளில் கோடு போட்டு வைக்கப் பழகினேன்.

சென்சார் டவர் போன்ற நிறுவனங்கள் தரும் வருமானக் கணக்கு மதிப்பீடுதான், கணக்குப் புத்தகம் இல்லை. ஸ்டோர் வழியாகச் செலவான பணத்தைத்தான் அது காட்டும். விளம்பர வருமானம் அதில் சேராது. விளம்பரத்தில் ஓடும் கேமை அதை வைத்து எடை போடாதீர்கள்.

கடைசியாக, பள்ளி விடுமுறை. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஏப்ரலிலேயே விடுமுறை தொடங்கிவிடும், டெல்லிப் பிள்ளைகளுக்கு ஜூன் முழுக்க விடுமுறை. ஜூனில் இங்கே பள்ளி திறந்து தமிழ் ஆட்டக்காரர்கள் குறைந்தால், அப்டேட்டில்தான் ஏதோ தப்பு என்று பதறி கேமை மாற்ற வேண்டாம். போன வருடம் அதே வாரத்தில், அதே மாநிலத்தில் எத்தனை பேர் ஆடினார்கள் என்று முதலில் எடுத்துப் பாருங்கள்.